காப்பாற்றப்பட்ட வேலை

ஜிப்பக்காவின் வேலைக்கு ஆபத்து வந்திருக்கிறது என்ற செய்தியை முதன்முதலில் அவளுக்குச் சொன்னது உள்நாட்டுப் பொருள் ஊக்குவிப்பு வாரியம்தான். அதுவரை அவளுக்கு அது தெரியாது. நியாயமாகச் சொல்லப்போனால், அதுவரை ஆபத்தும் வந்திருக்கவில்லை.

அவள் வேலை பார்த்தது பை தைக்கும் ஒரு பட்டறையில். பள்ளிக்கூடப் பை, பயணப் பை, தோளில் மாட்டுகிற பை எல்லாம் அங்கே தைப்பார்கள். யார் எந்தப் பாகத்தைத் தைக்கிறார்களோ அதுவே நாளடைவில் அவர்கள் பெயராகிவிடும். வார் தைப்பவள் வாரக்கா. ஜிப் தைப்பவள் ஜிப்பக்கா. ஜிப் வைத்துத் தைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. துணியை இழுத்தால் ஜிப் நெளியும், விட்டால் துணி சுருங்கும். இழுக்காமலும் விடாமலும் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை அவளிடம் இருந்தது. மற்ற விஷயங்களில் அவள் அவ்வளவு நிச்சயமானவள் இல்லை. யாராவது அழுத்தமான குரலில் ஒன்றைச் சொன்னால், ‘ஒருவேளை அப்படித்தானோ’ என்று நினைத்துக்கொள்ளும் சுபாவம்.

ஒருநாள் காலை வாரியத்தின் இயக்குநரும் மக்கள் தொடர்பு அதிகாரியும் பட்டறைக்கு வந்தார்கள். இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிருகக்காட்சிசாலையில் நடப்பதுபோல மிஷின்களுக்கு நடுவே நடந்தார்.

“எங்களுக்கு ஒரு வேலை தேவைப்படுகிறது” என்றார் முதலாளியிடம்.

முதலாளி பதறிப்போனார். “ஐயா, உங்க தகுதிக்கு இங்க என்னங்க இருக்கு?”

“எனக்கு இல்லை. மக்களுக்குக் காட்டுவதற்கு. காப்பாற்றப்பட்ட ஒரு வேலை.”

அதிகாரி விளக்கினார். உள்நாட்டுப் பொருளை வாங்கினால் வேலைகள் காப்பாற்றப்படும் என்று வாரியம் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறது. மக்களோ, ‘எந்த வேலை, எங்கே இருக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றைக் கண்ணில் காட்டிவிட்டால் அந்தக் கேள்வி ஓய்ந்துவிடும்.

முதலாளி உடனே தன் மச்சானைக் காட்டினார். மச்சான் வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“இவருக்கு இங்கே வேலை இருக்கிறதா?”

“சம்பளம் இருக்குங்க” என்றார் முதலாளி.

இயக்குநர் மேலே நடந்து ஜிப்பக்காவின் மிஷினுக்கு எதிரே நின்றார். “இந்த அம்மா முகத்தில் ஒரு கவலை தெரிகிறது பாருங்கள்” என்று அதிகாரியிடம் சொன்னார். அவளுக்குக் கவலைதான். பாபினில் நூல் தீரப்போகிறது. இந்த வரிசை முடிகிறவரை தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்கள் வேலை ஆபத்தில் இருக்கிறது.”

அவள் எழுந்து நின்றாள். “நான் என்ன தப்பு பண்ணேன் முதலாளி?”

“நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. வெளிநாட்டுப் பை கப்பலில் வந்து உங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது.”

“இன்னிக்குக்கூட ஓவர்டைம் இருக்குன்னு சொன்னாங்களே சார்.”

“அதில்தான் ஆபத்தே இருக்கிறது. உங்களுக்கே தெரியாமல் நடக்கிறது” என்றார் இயக்குநர். அவர் குரல் அழுத்தமாக இருந்தது. “கவலை வேண்டாம். காப்பாற்றிவிட்டோம்.”

ஆபத்து வந்ததும் போனதும் ஒரே மூச்சில் நடந்துவிட்டதால், எதற்குப் பயப்படுவது, எதற்கு நிம்மதி அடைவது என்று பிரித்துக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நன்றி சொல்லிவைத்தாள்.

வீட்டில் விஷயம் இன்னும் சிக்கலாயிற்று. அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். துறைமுகத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுச் சாமான்களைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவர் பிழைப்பு.

“அப்ப உன் வேலையப் பிடுங்கிட்டுப் போறதே நான்தானா?” என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“நீங்க வேன்தானே ஓட்டறீங்க.”

“வெறும் வேனையா ஓட்டறேன்? உள்ள என்ன இருக்கு?”

சாதத்தை வடித்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “மகன் கொண்டாறது வெளிநாட்டுச் சோறு. மருமக கொண்டாறது உள்நாட்டுச் சோறு. எனக்கு உலை ஒண்ணுதான். சண்டைய வெளியில வெச்சுக்கங்க, கஞ்சி கொட்டிடும்.”

முதல் விழா நகர மன்றத்தில் நடந்தது. மேடையில் ஒரு தையல் மிஷின் போட்டு ஜிப்பக்காவை அதன்முன் உட்காரவைத்தார்கள். உரையின்போது சத்தம் வரக்கூடாது என்பதால் மிஷினுக்கு மின்சாரம் தரவில்லை. அவள் துணியைப் பிடித்துக்கொண்டு தைப்பவள்போல இருக்க வேண்டும். அதிகாரி கை காட்டும்போது எழுந்து, “என் வேலை காப்பாற்றப்பட்டது. நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அவள் அதைப் பட்டறையில் தைப்பதுபோலவே ஒழுங்காகச் செய்தாள்.

இயக்குநர் ஒரு பள்ளிக்கூடப் பையை உயரத் தூக்கிப் பிடித்தார்.

“இந்தப் பையை நீங்கள் வாங்கினால் என்ன ஆகிறது? உங்கள் பணம் இந்த அம்மாவிடம் போகிறது. இந்த அம்மா அதைக் கொண்டு உள்நாட்டுச் செருப்பு வாங்குகிறார். செருப்புக்காரர் உள்நாட்டுக் குடை வாங்குகிறார். குடைக்காரர் உள்நாட்டுப் பை வாங்குகிறார். பணம் நாட்டை விட்டு வெளியே போகவே முடியாது. சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோய் இங்கேயே உட்கார்ந்துவிடும். இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஆறு நாடுகளுக்கு நேரில் சென்று ஆராய்ந்திருக்கிறேன். ஆறு நாட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள். உள்நாட்டிலேயே எல்லாம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது!”

கைதட்டல் எழுந்தது. இயக்குநர் கையமர்த்தினார். “அதுமட்டும் அல்ல. நம் பைகளை அந்த ஆறு நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்வதே நம் அடுத்த இலக்கு.”

பின்வரிசையில் இருந்து ஒரு தச்சர் எழுந்தார். “ஒரு சந்தேகம் சார். நாம அவங்க பொருள வாங்கக் கூடாது. அவங்க நம்ம பொருள வாங்கணும். சரி. அவங்க ஊர்லயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருப்பாரில்ல, அவரு என்ன சொல்லுவாரு?”

“மிக நல்ல கேள்வி” என்றார் இயக்குநர். “அந்த ஆறில் ஒரு நாட்டு வாரியத்தின் இயக்குநரிடம் இதையே நான் கேட்டேன். அவரும் மிக நல்ல கேள்வி என்றார். பிறகு நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம்.”

தச்சர் பதிலை மென்று பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

இயக்கம் சூடு பிடித்தது. விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பை கொடுப்பது என்று வாரியம் முடிவு செய்து, பட்டறைக்கு மலைபோல ஆர்டர் கொடுத்தது. கடைகளும் பயந்து உள்நாட்டுப் பை கேட்டன. முதலாளி தூக்கத்தைத் தொலைத்தார். எல்லோரும் ஆளுக்கு இரண்டு கை போதாமல் தைத்தார்கள். ஜிப்பக்காவைத் தவிர. காப்பாற்றப்பட்ட தொழிலாளி இல்லாமல் விழா நடத்த முடியாதென்று வாரியம் அவளை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனது. அவள் வராத நாட்களில் ஜிப் இல்லாத பைகள் வாயைப் பிளந்துகொண்டு குவிந்து கிடந்தன.

“ஜிப்பு, உன் வேலையக் காப்பாத்தறேன்னு எங்க இடுப்ப ஒடிக்கறாங்கடி” என்றாள் வாரக்கா.

வேன்காரருக்கோ துறைமுகத்தில் லோடு குறைந்துகொண்டே வந்தது. வேனைக் கழுவுவார், துடைப்பார், மறுபடி கழுவுவார். அக்கம்பக்கத்தார் அந்த வேனில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று கிண்டல் செய்தார்கள். ஒருநாள் மாலை அவர் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

“இன்னிக்கு நல்ல லோடும்மா. பெரிய மரப்பெட்டி. கப்பல்லேருந்து நேரா என் வண்டியில ஏத்துனாங்க.”

“அப்பாடா. எங்க இறக்குனீங்க?”

“அதச் சொன்னா நம்ப மாட்டே. உங்க பட்டறையிலதான்! ஏதோ மிஷினு. ஒரு பக்கம் துணியையும் ஜிப்பையும் விட்டா மறுபக்கம் தானா தைச்சு வருதாம். முதலாளி எனக்கு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தாரு. வெக்கறதுக்கு இடம் பத்தல. ஜன்னல் பக்கம் ஒரு மேசை தடுத்துச்சு. நானே தூக்கி ஓரமா வெச்சுக் கொடுத்தேன்.”

“அது என் மேசைங்க” என்றாள்.

மறுநாள் அவள் போனபோது புது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கண்ணைப் பார்க்காமல் பேசினார். “ஆர்டர் தாங்கலம்மா. இது நேரா தைக்குது, வேகமா தைக்குது. முக்கியமா, விழாவுக்குப் போறதில்ல.”

அவள் நேராக வாரியத்துக்குப் போனாள். வாரியத்தின் வரவேற்பறையில் அவளுடைய ஆளுயரப் படம் மாட்டியிருந்தது. கீழே ‘காப்பாற்றப்பட்டார்’ என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தின் அடியிலேயே உட்கார்ந்து மதியம் வரை காத்திருந்தாள். பிறகு இயக்குநர் கூப்பிட்டார்.

“என் வேலை போயிடுச்சு சார்.”

“இருக்காது” என்றார் இயக்குநர், பதற்றமே இல்லாமல். “உங்கள் வேலை எங்கள் ஆண்டறிக்கையில் இருக்கிறது. அச்சுக்கே போய்விட்டது.”

“என் இடத்துல மிஷின் வெச்சுட்டாங்க சார். முதலாளி வர வேணாம்னுட்டாரு.”

இயக்குநர் யோசித்தார். “நீங்கள் குழப்பிக்கொள்கிறீர்கள் அம்மா. வேலை காப்பாற்றப்பட்டுவிட்டது. அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. நீங்கள் அதில் இல்லை, அவ்வளவுதான்.”

‘ஒருவேளை அப்படித்தானோ’ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டாள்: “அந்த மிஷினே வெளிநாட்டு மிஷின்தானே சார்?”

“பை உள்நாட்டுப் பை. முதலாளி உள்நாட்டு முதலாளி. நாம் வாங்கியதால் அவர் வளர்ந்தார். வளர்ந்ததால் மிஷின் வாங்கினார். ஒரு மிஷின் என்றால் சாதாரணமா? அதைச் செய்வதில் அங்கே எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கும் தெரியுமா?” என்று உற்சாகமாகச் சொல்லிவந்தவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

கடைசியில் அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார். அச்சான அறிக்கையை மாற்ற முடியாது. ஆகவே அவள் நிலைமையை அறிக்கைக்கு ஏற்ப மாற்றிவிடலாம். காப்பாற்றப்பட்ட தொழிலாளி என்பதையே அவளுக்கு முழுநேர வேலையாகக் கொடுத்துவிடுவது.

“ஜிப் தைக்கணுமா சார்?” என்று அவள் ஆசையாகக் கேட்டாள்.

“தைக்கவே கூடாது. தைப்பவர் போல இருக்க வேண்டும்.”

மாமியார் இதைக் கேட்டு வெகுநேரம் மோவாயில் கைவைத்துக்கொண்டிருந்தார். “வேலை போகலன்னு சொல்றதுக்கு ஒரு வேலையா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் எதையாவது தொலைச்சுட்டுப் போயிருப்பேனே.”

சில மாதங்கள் இப்படியே ஓடின. சம்பளம் வந்தது. ஆனால் ஜிப்பக்காவின் கைகளுக்கு ஏதோ ஆகிவிட்டது. வீட்டில் சும்மா இருக்கும்போது திரைச்சீலையின் ஓரத்தை இழுக்காமலும் விடாமலும் பிடித்துக்கொண்டிருப்பாள். யாராவது பார்த்தால் விட்டுவிடுவாள்.

அப்போது வாரியத்தின் தணிக்கையாளர் ஒரு குறை கண்டுபிடித்தார். தொடர்ந்து பெறப்படும் எந்தச் சேவைக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரி, குறைந்த விலை சொல்பவரிடமே பெற வேண்டும் என்பது வாரியத்தின் விதி. காப்பாற்றப்பட்ட தொழிலாளியாக இருப்பதும் தொடர் சேவைதான். ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். எல்லாரையும்விடக் குறைந்த விலை சொன்னது ஒரு வெளிநாட்டு முகவர் நிறுவனம்.

“உள்நாட்டு ஆளுக்கு முன்னுரிமை கிடையாதா சார்?” என்று ஜிப்பக்கா அதிகாரியிடம் கேட்டாள்.

“அது மக்கள் கடைப்பிடிக்க வேண்டிய விதிம்மா” என்றார் அதிகாரி பரிவோடு. “வாரியத்துக்குச் சிக்கனம்தான் விதி.”

புதியவள் கப்பலில் வந்து சேர்ந்தாள். ஜிப்பக்காவின் வயதுதான் இருக்கும். பெயர் யார் வாயிலும் நுழையாததால் வாரியத்தில் அவளை விருந்தாளி என்று கூப்பிட்டார்கள். அவளைப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போகும்படி ஜிப்பக்காவுக்கு உத்தரவு. வாரியத்தின் விழா மேடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில், மின்சாரம் இல்லாத மிஷின்முன் அவளை உட்காரவைத்து, கையில் ஒரு துண்டுத் துணியும் ஜிப்பும் கொடுத்தாள். விருந்தாளி இரண்டையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இழுக்காமலும் விடாமலும் பிடித்தாள்.

ஜிப்பக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நீயும் ஜிப் தைக்கறவளா?”

விருந்தாளி கொஞ்சம் மொழி கற்றுக்கொண்டு வந்திருந்தாள். வார்த்தை வார்த்தையாக எடுத்து வைத்தாள். “அங்க... பைக் கம்பெனி. பன்னெண்டு வருஷம். நீங்க வாங்கினீங்க. அப்புறம்... நீங்க வாங்கல. கதவு மூடிட்டாங்க.”

அந்தச் சிறிய அறையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை மேடைகளில் எழுந்து நன்றி சொல்லியிருக்கிறோம் என்று ஜிப்பக்கா நினைத்துப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது. தன் வேலையும்தான் போய்விட்டது, தன்னிடம் யார் கேட்டார்கள் என்றும் தோன்றியது. கடைசியில், கொண்டுவந்திருந்த சாப்பாட்டில் பாதியை அவளிடம் தள்ளினாள்.

“‘என் வேலை காப்பாற்றப்பட்டது’... என்ன அர்த்தம்?” என்று கேட்டாள் விருந்தாளி, சாப்பிட்டுக்கொண்டே.

“அதுக்கு அர்த்தம் இல்ல. எழுந்து நின்னு சொல்லணும், அவ்வளவுதான்.”

விருந்தாளி பொறுப்பேற்ற அன்றே இயக்குநர் ஜிப்பக்காவை அறைக்கு அழைத்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“உங்களுக்கு ஒரு நற்செய்தி. விருந்தாளி வந்த நாட்டு வாரியத்திலும் காப்பாற்றப்பட்ட தொழிலாளிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறார்கள். அதே முகவர் உங்கள் பெயரைக் கொடுத்து, மிகக் குறைந்த விலையில் வென்றுவிட்டார். நம் இயக்கம் தொடங்கி இத்தனை நாளில் ஒரு பைகூட ஏற்றுமதியாகவில்லை. முதல் ஏற்றுமதி நீங்கள்தான் அம்மா!”

“அங்க போய் நான் என்ன சொல்லணும் சார்?”

“இதே வாக்கியம்தான். அவர்கள் மொழியில்.”

“அங்கயும் தைக்கக் கூடாதா?”

“கூடாது. தரம் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?”

அழுத்தமான குரல்தான். ஆனால் இந்த முறை ‘ஒருவேளை அப்படித்தானோ’ என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று ஒரு கணம் காத்திருந்தும் பார்த்தாள்.

“நான் போகல சார். எனக்கு ஜிப் தைக்கணும்.”

“மறுத்தால் நீங்கள் வேலை இழந்தவர் ஆகமாட்டீர்கள். வேலையை விட்டவர் ஆவீர்கள்” என்றார் இயக்குநர். “எங்கள் அறிக்கைக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. போய் வாருங்கள்.”

வாரியத்தின் வாசலுக்கு எதிரே வேன்காரர் காலி வேனோடு காத்திருந்தார். அவள் பின்கதவைத் திறந்து, வெறும் தரையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“அடுப்புக்கு என்ன பண்றது?”

“தெரியலங்க.”

வாரியத்தில் அன்றைய விழா முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. முதுகில் பை மாட்டிய ஒரு அம்மாள் வேன் ஓரமாக நின்று, பையைக் கழற்றி, ஜிப்போடு மல்லுக்கு நின்றாள். முந்தைய விழாவில் வாரியம் கொடுத்த இலவசப் பை. புது மிஷின் தைத்தது. ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர் பாதி வழியில் துணியைக் கடித்துக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நின்றது.

“இப்படிக் கொடுங்கம்மா” என்றாள் ஜிப்பக்கா. துணியை விடுவித்து, ரன்னரைக் கழற்றி, வேன் டூல்பாக்ஸில் இருந்த குறட்டால் அதன் வாயை அழுத்தி, மறுபடி ஏற்றினாள். பிய்ந்த ஓரத்தைக் கையாலேயே நாலு தையல் போட்டாள். ஜிப் சர்ரென்று ஓடியது.

அம்மாள் காசை எடுத்து நீட்டினாள். கையோடு, “என் வீட்டுல இதே மாதிரி மூணு கிடக்கு. இருப்பியா?” என்றாள்.

அடுத்து ஒருவர் வெளிநாட்டுப் பையை, லேபிள் உள்பக்கம் இருக்கும்படி மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். “இது... பழசு. முன்னாடி வாங்கினது” என்று யாரும் கேட்காமலே சொன்னார். ஜிப்பக்கா லேபிளைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் விருந்தாளி வெளியே வந்தாள். பார்த்தாள். வேனில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குவிந்திருந்ததில் ஒரு பையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் முடிந்தபிறகும் அவள் உள்ளே போகவில்லை. வேன்காரர் வரிசையை ஒழுங்குபடுத்தினார், பையைக் கை மாற்றினார், காசு வாங்கினார்.

அந்த வாரத்துக்குள் வரிசை தெருவை நிறைத்து, வாரியத்தின் வாசலைத் தொட்டது. இயக்குநர் ஜன்னல் வழியாகப் பார்த்து நெகிழ்ந்துபோனார். “பாருங்கள், மக்கள் விழித்துக்கொண்டார்கள்” என்று புகைப்படக்காரரை அழைத்து, அடுத்த ஆண்டறிக்கையின் அட்டைக்காகப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்த படத்தில் எல்லார் கையிலும் பழைய பை இருந்தது. அதில்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. பழைய பையைத் தைத்துக்கொண்டால் புதுப் பையை யார் வாங்குவார்கள்? வாங்காவிட்டால் வாரியம் எந்த வேலையைக் காப்பாற்றும்? விசாரித்து வரும்படி அதிகாரியை அனுப்பினார்.

அதிகாரி வரிசையைத் தாண்டி நேராக வேனுக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மா, இது உள்நாட்டு வேலையா, வெளிநாட்டு வேலையா? ரெண்டு பேர் இருக்கீங்க. இதை நாங்க எந்தப் பக்கம் சேர்க்கறது?”

ஜிப்பக்கா பல்லில் நூலைக் கடித்து அறுத்தாள். பையை உரியவரிடம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். “பையா இருந்தாலும் கேள்வியா இருந்தாலும் வரிசையில வாங்க சார்.”

அவள் குரல் அழுத்தமாக இருந்தது. அதிகாரி வந்த வழியே நடந்து கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பி, அவர் வெறுங்கையாக நிற்பதைப் பார்த்து, “உங்களுக்கு என்ன சார் கோளாறு?” என்று கேட்டார்.

“எங்களுக்குத் தெரியாம வேலை உண்டாயிடுச்சு” என்றார் அதிகாரி.

முன்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். “கவலப்படாதீங்க சார், இவங்க எதையும் சரிபண்ணிடுவாங்க” என்று சொல்லிவிட்டு, வரிசை நகர்ந்ததும் ஓரடி முன்னால் நகர்ந்தார்.